எம்.ஜி.பி.: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு விலை கணித்தல்

எம்.ஜி.பி. இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார். திறந்த வண்டி, கூரையுள்ள ஜி.டி. என்ற இரு வடிவங்களிலும் சேர்த்து 5 லட்சத்துக்கு மேல் வெளிவந்தது. அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இத்தனை வண்டிகள் இருப்பதால் சந்தையில் எப்போதும் விற்பனைக்குக் கிடைக்கும். ஒன்று தவறினால் இன்னொன்று. ஆனால் ஒரே ஆண்டில், ஒரே நிறத்தில் பிறந்த இரண்டு வண்டிகளில் ஒன்று மற்றதைப் போலப் பல மடங்கு விலை போவதும் இங்கே சாதாரணம். அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வதுதான் விலை கணிப்பதின் பெரும்பகுதி.

எல்லாப் பழைய காருக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. ஃபெராரி 250 ஜி.டி.ஓ. மொத்தமே 36தான் செய்யப்பட்டது. 2018இல் கலிஃபோர்னியாவின் மான்டெரே ஏலத்தில் அவற்றில் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு விற்றது. அந்த விலையை நிர்ணயிப்பது அந்த வண்டி ஓடிய பந்தயங்களும் அதை வைத்திருந்தவர்களின் வரிசையும். கீழே தகடு எப்படி இருக்கிறது என்று அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை. 1973ஆம் ஆண்டின் போர்ஷே கரேரா ஆர்.எஸ். 2.7 வண்டியில் ஆலையில் பூட்டிய அதே எஞ்சின் இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. எம்.ஜி.பி.யில் அபூர்வமும் இல்லை, பந்தயப் புகழை ஒவ்வொரு வண்டிக்கும் பங்கிட்டுக் கொடுக்கவும் முடியாது. எஞ்சினில் தொடங்கித் தகடு வரை ஏறத்தாழ எல்லாப் பாகமும் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. ஆகவே இதன் விலை, நல்ல வண்டியின் விலையிலிருந்து இந்த வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கழித்தது, ஏறத்தாழ அவ்வளவுதான். அந்தக் கழிவைச் சரியாக மதிப்பிடுவதில்தான் வாங்குபவர்கள் தவறுகிறார்கள்.

வகைகளும் அவற்றின் வரிசையும்

முதலில் அறிய வேண்டியது வண்டி எந்த வகை என்பது. 1974 வரை வந்தவற்றில் குரோம் பம்பர். அந்த ஆண்டின் இறுதியில், அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக, கறுப்பு நிறத்தில் தடித்த பம்பர்கள் வந்தன. 'ரப்பர் பம்பர்' என்று பேசப்படுவது இதுவே. பம்பரின் உயரமும் விதிக்குள் அடங்க வேண்டியிருந்ததால் வண்டியையே சற்றுத் தூக்கிவிட்டார்கள். அதனால் வளைவுகளில் பழைய பிடிப்பு குறைந்தது. அமெரிக்காவுக்குப் போனவற்றில் இரட்டைக் கார்புரேட்டருக்குப் பதில் ஒற்றைக் கார்புரேட்டர் வந்து வேகமும் குறைந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் சந்தை இதை மன்னிக்கவில்லை: மற்றவை சமமாக இருந்தால் குரோம் பம்பர் வண்டிக்கு ரப்பர் பம்பரை விட விலை அதிகம், திறந்த வண்டிக்கு ஜி.டி.யை விட விலை அதிகம். ஜி.டி.யின் கூரையை வடிவமைத்ததில் இத்தாலியின் பினின்ஃபரீனாவுக்குப் பங்கு உண்டு. மழைக்கு ஒழுகாது, பின்னால் பெட்டி வைக்க இடமும் உண்டு. பயன்பாட்டை மட்டும் பார்த்தால் அதுவே மேலான வண்டி. ஆனால் இந்தக் காரை வாங்குகிறவர் பயன்பாட்டுக்காக வாங்குவதில்லை.

குரோம் பம்பர்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. கதவில் இழுக்கும் கைப்பிடி கொண்ட தொடக்க கால வண்டிகளைத் தேடுவோர் தனிக் கூட்டம். 1964 இறுதியில் எஞ்சினின் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் மூன்றிலிருந்து ஐந்தாயின. 1967இல் முதல் கியருக்கும் சிங்க்ரோமெஷ் வந்தது. ஓட்டுவதற்கு வாங்குபவருக்குப் பிந்தியவை நல்லவை, சேகரிப்பவருக்கு முந்தியவை. எல்லாவற்றுக்கும் மேலே 1973 முதல் 1976 வரை 2,591 மட்டுமே வெளிவந்த ஜி.டி. வி8 நிற்கிறது. இந்தக் குடும்பத்தில் எண்ணிக்கைக் குறைவு விலையில் தெரிவது இங்கேதான். ஆலை வி8 எஞ்சினைத் திறந்த எம்.ஜி.பி.யில் ஒருபோதும் பூட்டவில்லை. அப்படி ஒரு வண்டி விற்பனைக்கு வந்தால் அது பின்னால் யாரோ மாற்றியமைத்தது. மாற்றியது நல்ல கையாகவும் இருக்கலாம். ஆனால் விலையை ஆலை வி8க்கு ஒப்பிட்டுச் சொன்னால் ஏற்க வேண்டியதில்லை.

துருவும் டிங்கரிங்கும்

எம்.ஜி.பி.க்குத் தனிச் சேசிஸ் கிடையாது. இதற்கு முந்திய எம்.ஜி.ஏ.யில் உறுதியான சட்டத்தின் மேல் உடலை வைத்துப் பூட்டியிருந்தார்கள், எம்.ஜி.பி.யில் உடலே சட்டம். திறந்த வண்டியில் கூரையும் இல்லாததால், முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பவை கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும் பெட்டி வடிவப் படிச்சட்டங்களும் அவற்றுக்கு நடுவே உள்ள தரையும்தான். படிச்சட்டம் ஒரே தகடு அல்ல: வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு தகடு, அடியில் தரையோடு இணைக்கும் இன்னொரு சட்டம். சக்கரம் வாரி அடிக்கும் சேறும், குளிர்காலத்தில் பிரிட்டிஷ் சாலைகளில் தூவும் உப்பும் இந்த அடுக்குகளுக்குள் புகுந்து தங்குகின்றன. துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

இதை முறையாக மாற்றுவது பெரிய வேலை. படிச்சட்டத்தின் முனைகள் முன்னும் பின்னும் மட்கார்டு தகடுகளுக்கு அடியில் மறைந்திருப்பதால், முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டும்போது வண்டி நடுவில் தொய்ந்துவிடாமல் முட்டுக் கொடுத்து, கதவின் இடைவெளியை அளந்து அளந்து வெல்டிங் வைக்க வேண்டும். அதன் பிறகு பெயின்ட். தகடுகளின் விலை இதில் சிறுபகுதி; மணிக்கணக்கில் ஆகும் கூலிதான் செலவு. இந்தச் செலவைத் தவிர்க்கப் பல பட்டறைகள் பல ஆண்டுகளாகச் செய்துவந்த தந்திரம், இற்றுப்போன படிச்சட்டத்தின் மேல் கதவு அகலத்துக்கு மட்டும் புதுத் தகடு ஒன்றைப் போர்த்தி ஒட்டுவது. பட்டி போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் பார்வைக்கு வண்டி புதிது. விலை கணிப்பவருக்கு, கண்ணெதிரே துரு தெரியும் வண்டியை விட ஆபத்தானது இதுதான்.

கண்டுபிடிக்கச் சில எளிய வழிகள் உண்டு. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கீழ்ப்பகுதி முழுக்க நகர்த்தினால், பட்டி தடித்த இடத்தில் பிடிக்காது. கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை சீராக இருக்க வேண்டும். பக்கவாட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவின் மேல் இடைவெளி குறுகினாலோ கதவு இறுகிக்கொண்டாலோ உடல் தொய்கிறது என்று பொருள். ஜாக்கி வைக்கும் இடமே உள்ளே அமுங்கினால் மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை. முன் மட்கார்டின் மேல்விளிம்பு, அதன் பின்கீழ் மூலை, இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள பேட்டரிப் பெட்டி, பின் ஸ்பிரிங்கின் முன்முனை பொருந்தும் இடம் ஆகியவை அடுத்துப் பார்க்க வேண்டியவை.

1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் ஆலையின் பழைய அச்சுகளைத் தேடி எடுத்து எம்.ஜி.பி.யின் முழு உடலையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. இது சந்தையை மாற்றியது. ஓர் உடல் எவ்வளவு கெட்டிருந்தாலும் அதைப் பழுதுபார்க்கும் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வந்தது: புது உடலின் விலையும் பாகங்களை மாற்றிப் பூட்டும் கூலியும். அப்படிப் புது உடல் ஏற்றிய வண்டியைச் சந்தை குறையாக நினைப்பதில்லை. ரசீதுகளும் வேலை நடந்தபோது எடுத்த படங்களும் இருந்தால் அது கூடுதல் விலைக்கே காரணமாகும்.

எஞ்சினும் மற்றவையும்

இந்திய வாசகருக்கு இந்த எஞ்சின் தூரத்து உறவு. அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ஒரே 'பி' வரிசை. முரட்டு வார்ப்பிரும்பு எஞ்சின். எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டலாம். எனவே எஞ்சின் கெட்டிருப்பது விலையைக் குறைக்கும், ஆனால் உடல் கெட்டிருப்பது போல வண்டியையே சாய்க்காது. சூடான எஞ்சின் ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 50 முதல் 80 வரை காட்ட வேண்டும். நின்றபடி ஓடும்போது 15க்குக் கீழே போனால் எஞ்சின் வேலையின் செலவைக் கணக்கில் சேர்க்கலாம். எஞ்சின் எண் ஆலைப் பதிவோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக எம்.ஜி.பி.யில் பெரிதாகக் கழிப்பதற்கில்லை: தேய்ந்த எஞ்சினைக் கொடுத்துவிட்டு ஆலை புதுப்பித்த 'கோல்ட் சீல்' எஞ்சினை மாற்றிக்கொள்வது அந்நாளில் வழக்கமாக இருந்தது. பிரிட்டனில் 1999ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்ற வால்வு இருக்கைகள் பொருத்திய ரசீது இருந்தால் நல்லது.

நெடுஞ்சாலையில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் இருந்தால் விலை கூடும். அது வேலை செய்யவில்லை என்றால் பல சமயம் கோளாறு வயரிலோ சுவிட்சிலோதான் இருக்கும். ஆனால் அந்த நம்பிக்கையை விற்பவர் விலையில் சேர்க்க விடக்கூடாது. வேலை செய்யாதவரை அது இல்லாததே. ஸ்போக் சக்கரங்கள் கண்ணைக் கவரும். முன்னும் பின்னும் நகர்த்தும்போது 'டொக்' என்று கேட்டால் சக்கரமும் அச்சும் பற்றிக்கொள்ளும் பற்கள் தேய்ந்திருக்கலாம், அல்லது டிஃபரன்ஷியலுக்குள் உள்ள வாஷர் தேய்ந்திருக்கலாம். பின்னது மலிவு, முன்னது அப்படியல்ல.

காகிதங்கள்

கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் ஆலைப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது: வண்டி முடிந்த நாள், முதல் நிறம், எஞ்சின் எண், எந்த நாட்டுக்குப் போனது என்பன அதில் இருக்கும். அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களில் துருவின்றிக் கிடந்து பிரிட்டனுக்குத் திரும்பி, ஸ்டியரிங் வலப்புறம் மாற்றப்பட்ட வண்டிகளை இது காட்டிக்கொடுக்கும். அது குறையே என்று சொல்வதற்கில்லை. வெயிலில் வெடித்த இருக்கையை மாற்றுவது, உப்பில் கரைந்த படிச்சட்டத்தை மாற்றுவதை விடப் பலமடங்கு மலிவு. ரப்பர் பம்பரை நீக்கிக் குரோம் பூட்டிய வண்டியைச் சேசிஸ் எண் சொல்லிவிடும். அந்த மாற்றத்துக்குச் செலவான பணம் விலையில் திரும்ப வருவதில்லை. மீட்டரில் ஐந்து இலக்கமே உண்டு, 99,999 மைலுக்குப் பிறகு மீண்டும் சுழியம். எனவே குறைந்த மைல் என்ற பேச்சுக்குப் பழைய தகுதிச் சோதனைச் சீட்டுகளே சாட்சி. பிரிட்டனில் 2018 முதல் 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்குப் பொதுவாக இந்தச் சோதனை கட்டாயமில்லை. தானாக முன்வந்து சோதனைக்கு விட்ட உரிமையாளரின் வண்டிக்கு அந்தச் சீட்டு தனி மதிப்பு.

எண்ணாக்குதல்

விளம்பரத்தில் கேட்கும் விலை விற்பவரின் ஆசை மட்டுமே. ஏலங்களில் படிந்த விலைகள் பொதுவில் கிடைக்கின்றன. ஆனால் வாங்குபவர் அதற்கு மேல் ஏல நிறுவனத்துக்குக் கட்டணமும் கட்டணத்தின் மேல் வரியும் செலுத்துகிறார் என்பதை ஒப்பிடும்போது மறக்கக் கூடாது. ஹேகர்ட்டி நிறுவனத்தின் விலைக் கையேடு வண்டிகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. 1 என்பது கண்காட்சியில் முதல் பரிசு பெறும் நிலை; 4 என்பது ஓடும், ஆனால் குறைகள் வெளிப்படை. விற்பவர் எவரும் தம் வண்டியை 2 என்பார். சாலையில் ஓடும் நல்ல வண்டிகளில் பெரும்பாலானவை 3. இந்த ஒரு படியிலேயே பல ஆயிரம் பவுண்டு மறைந்திருக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரே வகையில் சீரான வண்டிகள் 12,000 பவுண்டுக்குப் படிகின்றன என்று கொள்வோம். பார்க்கப்போகும் வண்டிக்கு 8,000 கேட்கிறார்கள். இரு படிச்சட்டங்களும் பெயின்ட்டும் 5,000, இருக்கையும் மடக்குக் கூரையும் 1,500 என்று பட்டறை சொல்கிறது. ஆக 6,500. தகட்டை வெட்டிய பிறகு தெரியவரும் புதுத் துருவுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, 1,300. கழித்தால் கொடுக்கத்தக்கது 4,200. விற்பவர் தாம் 4,000 விட்டுக்கொடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். பேரம் முறிவது இங்கேதான். அவர் கணக்கில் துரு ஒரு குறை, பட்டறைக் கணக்கில் அது பல வாரக் கூலி. முழுச் சீரமைப்புக்குச் செலவழித்தவரிடம் இதன் மறுபக்கம் தெரியும். அவர் காட்டும் ரசீதுகளின் கூட்டுத்தொகை கேட்கும் விலையைத் தாண்டியே இருக்கும், ஏனென்றால் எம்.ஜி.பி.யில் சீரமைப்புச் செலவு விலையாக முழுவதும் திரும்புவது அரிது. ஆகவே வேலையைத் தாமே செய்யத் தெரிந்தவர் மலிவான வண்டியை வாங்கலாம். பட்டறைக்குக் கொடுப்பவருக்கு, இன்னொருவர் நஷ்டப்பட்டு முடித்த விலை கூடிய வண்டியே மலிவு.

பருவமும் கொஞ்சம் விளையாடும். இளவேனில் தொடங்கிக் கூரையைத் திறக்க ஆசை வரும்போது திறந்த வண்டிகள் விலை ஏறும். நவம்பர் மழையில் வாங்க வருபவர் குறைவு. அந்த மழையில் போய்ப் பார்ப்பதில் இன்னொரு லாபம், கூரை எங்கே ஒழுகுகிறது என்பது கேட்காமலே தெரிந்துவிடும்.

சில விற்பனையாளர்கள் காப்பீட்டுக்காக எழுதி வாங்கிய மதிப்புச் சான்றைக் காட்டி விலை சொல்வது உண்டு. பழைய கார்களுக்கு, விபத்தில் முழுதும் அழிந்தால் இவ்வளவு என்று காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகை அது. அதே நிலையில் இன்னொன்றைத் தேடி வாங்கும் சிரமத்தையும் சேர்த்து எழுதுவதால் அது வழக்கமாகச் சந்தை விலைக்கு மேலேயே இருக்கும்.