மரண வாக்குமூலமும் குடும்பக் கொலை வழக்குகளும்

மரண வாக்குமூலம் என்பது, ஒருவர் தம் சாவுக்கான காரணம் குறித்து இறப்பதற்கு முன் கூறிய கூற்று ஆகும். பிறர் சொல்லக் கேட்டது சாட்சியமாகாது என்னும் பொதுவிதிக்கு இது விலக்கு. வீட்டுக்குள் நடக்கும் கொலையைக் கண்டவர் அரிது என்பதால், அத்தகைய வழக்குகளில் இதன் முக்கியத்துவம் அதிகம்.

1789இல் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில், மனைவியைக் கொன்றதாக வில்லியம் உட்காக் விசாரிக்கப்பட்டார். படுகாயமுற்ற மனைவி நடுவரிடம் வாக்குமூலம் அளித்து, ஏறத்தாழ இரண்டு நாள்களில் இறந்தார். பிழைக்கும் நம்பிக்கையை இழந்தவரின் சொல் சத்தியப் பிரமாணத்துக்கு நிகரானது என்று நீதிபதி அயர் விளக்கினார். உட்காக் தூக்கிலிடப்பட்டார்.

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், பிரிவு 32(1)இல், இந்த நிபந்தனையை ஏற்கவில்லை. பிழைத்துவிடுவோம் என்று நம்பியவரின் கூற்றும் இங்கு ஏற்கத்தக்கது. ஆனால் இறந்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய இயலாது. உறவினர் சொல்லிக்கொடுத்ததா, பேசும்போது மனம் தெளிவாக இருந்ததா என்பதை நீதிமன்றமே ஆராய வேண்டும். ஐயமற நம்பத்தக்கதாயின், அதை மட்டுமே கொண்டு தண்டிக்கலாம் என 1957இல் குஷால் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

1984இல் ஒரு வழக்கில், இறந்த மனைவி எழுதிய கடிதங்கள் இப்பிரிவின்கீழ் ஏற்கப்பட்டன; எனினும் குற்றம் ஐயமற நிரூபிக்கப்படாததால் கணவர் விடுவிக்கப்பட்டார். மருத்துவரின் சான்று இல்லை என்பதற்காக மட்டும் வாக்குமூலத்தைத் தள்ளக்கூடாது என 2002இல் லட்சுமண் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் இவ்விதி பாரதிய சாட்சிய அதினியத்தின் 26ஆம் பிரிவில் தொடர்கிறது.