விரல்நுனித் தோல் உரிவு: தருமபுரி மாவட்டத் தொழிற்சூழலில் காரணங்களும் இல்லப் பேணலும்

1. பொருள் வரையறை

உடலின் மேல்தோல் நாள்தோறும் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. நலமான கையில் இவ்வுதிர்வு கண்ணுக்குப் படுவதில்லை. இறந்த உயிரணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று நீரோடும் துணியோடும் போய்விடுகின்றன. அவை ஒன்றையொன்று பற்றியபடியே தகடாகவோ செதிலாகவோ பெயர்ந்து வரும் நிலையையே இக்கட்டுரை 'உரிவு' என்று குறிக்கிறது. தோலின் குறுக்கே பிளவு விழுவது வெடிப்பு. உராய்வினால் மேற்பரப்பு மெலிந்து வழவழப்பாவது தேய்வு. மூன்றும் ஒரே விரலில் சேர்ந்து காணப்படலாம். ஆயினும் ஒவ்வொன்றின் காரணமும் வேறு, பேணும் முறையும் வேறு.

இங்கே முதலில் மனத்திற்கொள்ள வேண்டியது, உரிவு என்பது ஒரு நோயின் பெயரன்று, ஒரு நிகழ்வின் பெயர் என்பது. காரணம் இன்னதென்று தெளியாமல் களிம்பு தேடுவதால்தான் பலருக்கு இது ஆண்டுக்கணக்கில் ஆறாமல் நிற்கிறது.

2. விரல்நுனியின் அமைப்பு

தோலின் மிக மேலான அடுக்கைக் கொம்புப்படலம் என்போம். கெராட்டின் என்னும் புரதம் நிறைந்த இறந்த உயிரணுக்கள் செங்கற்களாகவும், அவற்றிடையே உள்ள கொழுப்புப்பொருள் சாந்தாகவும் அமைந்த சுவர் அது. செங்கற்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரத முடிச்சுகளும் உண்டு. இவற்றைப் பிணைமுடிச்சுகள் எனலாம். உரிய காலத்தில் சில நொதிகள் இம்முடிச்சுகளை அவிழ்க்கின்றன, உயிரணு உதிர்கிறது. நொதிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது தோலின் இயல்பான மென்புளிப்பு. சாதாரண சோப்பு காரத்தன்மை உடையது. அது அடிக்கடி படும்போது புளிப்பு குறைந்து, நொதிகள் மிகைப்பட்டு, முடிச்சுகள் காலத்துக்கு முன்பே அவிழ்கின்றன. உடன் சாந்தாகிய கொழுப்பும் கரைந்து போகிறது.

உள்ளங்கையிலும் விரல்நுனியிலும் கொம்புப்படலம் தடித்தது; வியர்வைச் சுரப்பிகள் மிகுதி. ஆனால் எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூட இல்லை. முகத்துக்கும் முதுகுக்கும் உடலே எண்ணெய் பூசிவிடுகிறது. விரல்நுனிக்கு அந்த வசதி இல்லை. இழந்த கொழுப்பை வெளியிலிருந்துதான் ஈடுசெய்ய வேண்டும். பின்வரும் பேணல் முறைகளுக்கு அடிப்படை இதுவே.

3. காரணங்களின் வகைப்பாடு

காரணங்களைப் புறக்காரணம், அகக்காரணம், தொற்று என மூவகையாகப் பிரிக்கலாம். தருமபுரியில் நாம் விரிவாக நோக்க வேண்டியது முதல் வகையை. இம்மாவட்டத்தின் பல தொழில்கள் விரல்நுனியைக் கொண்டே நடக்கின்றன.

3.1 அமிலம்: புளித் தொழில்

தை பிறந்தது முதல் சித்திரை வரை தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் புளி தட்டும் வேலை நடக்கும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை நீக்கும் இவ்வேலையைச் செய்வோர் பெரும்பாலும் பெண்கள். பலர் வீட்டுத் திண்ணையிலேயே எடைக்கணக்குக் கூலிக்குச் செய்கிறார்கள். புளிச்சதையில் டார்டாரிக் அமிலம் 8 முதல் 18 விழுக்காடு வரை இருக்கிறது. கொம்புப்படலத்தின் பிணைப்பைத் தளர்த்தும் ஆற்றலுக்காகத் தோல் மருத்துவர்கள் அளவறிந்து பயன்படுத்தும் பழ அமிலங்களின் இனத்தைச் சேர்ந்தது அது. மருத்துவமனையில் நிமிடக் கணக்கில் படும் அமிலம் இங்கே நாள் முழுவதும், ஒட்டும் சதையோடு, விரல்நுனியிலும் நகக்கண்ணிலும் தங்குகிறது. ஓட்டுத் துணுக்கின் கீறலும் கூடுகிறது. மாலையில் பிசுக்குப் போகப் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கொண்டு தேய்த்தால், அமிலத்தால் தளர்ந்த தோலின்மேல் காரமும் ஏறுகிறது. அமிலமும் காரமும் ஒரே நாளில் மாறிமாறிப் படுவதே இத்தொழிலில் உரிவை மிகுவிக்கிறது என்பது எம் கருத்து.

இவ்வகையை உறுத்தல் தோலழற்சி என்போம். பொருளின் வீரியமும் அது படும் நேரமும் மிகுந்தால் எவர் தோலும் இதற்கு ஆளாகும். தனிப்பட்ட ஒவ்வாமை தேவையில்லை.

3.2 நீர்

நீர் தீங்கற்றதெனத் தோன்றும். நெடுநேரம் ஊறினால் கொம்புப்படலம் உப்பி, காயும்போது சுருங்கி, அடுக்கு அடுக்காய் விலகுகிறது. பட்டுக்கூட்டை வெந்நீரில் இட்டு இழையெடுப்போரின் விரல்கள் இதற்குச் சான்று. பிரான்சின் பட்டிழைப்புக் கூடங்களில் இக்கைநோய் 19ஆம் நூற்றாண்டிலேயே தொழில்நோயாக அறியப்பட்டிருந்தது. பட்டுக்கூடு அங்காடி உள்ள தருமபுரிக்கு இச்செய்தி அயலானதன்று. ஓட்டல்களில் பாத்திரம் கழுவுவோர், குழந்தைக்குத் துணி துவைக்கும் தாய்மார் ஆகியோரும் இவ்வகையினரே.

3.3 காரம்

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்வருவோர் இம்மாவட்டத்தில் ஏராளம். ஈரச் சிமெண்ட் கடுங்காரம் உடையது. அதிலுள்ள குரோமியம் ஒவ்வாமையையும் உண்டாக்கும். உறுத்தலாகத் தொடங்கியது சில ஆண்டுகளில் ஒவ்வாமையாக மாறிவிட்டால், பின்பு சிறிதளவு சிமெண்ட் பட்டாலும் கை வெடித்து உரியும்.

3.4 ஒவ்வாப் பொருள்

ஒவ்வாமைத் தோலழற்சி என்பது ஒரு பொருளைப் பகையென்று உடலின் எதிர்ப்பாற்றல் பதிவு செய்துகொள்வதால் வருவது. சாமந்தி பறிப்போர் இதனை அறிந்திருக்க வேண்டும். சாமந்தியும், வரப்போரம் மண்டும் பார்த்தீனியமும் ஒரே குடும்பத் தாவரங்கள். ஒன்றின் ஒவ்வாமை மற்றொன்றையும் தாங்காதபடி செய்யக்கூடும். பூண்டு உரிப்போர்க்கும் நறுக்குவோர்க்கும் வரும் உரிவு, பூண்டைப் பிடிக்கும் கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றில் மட்டும் அமையும். வலக்கையால் கத்தி பிடிப்பவருக்கு இடக்கை விரல்களே உரியும். உரியும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும் அரிய நேர்வு இது.

3.5 அகக்காரணங்கள்

கோடையில் வியர்க்கும் கைகளில் சிலருக்கு நீரற்ற, காற்றடைத்த சிறு கொப்புளங்கள் தோன்றி, வட்டமாக உடைந்து, விளிம்பு விலகி உரியும். அரிப்பு பெரும்பாலும் இராது. இதனைக் காற்றுக்கொப்புள உரிவு எனலாம். தொற்றன்று, தானே அடங்கித் திரும்பவும் வரும். காளாஞ்சகப்படை, பிறவிக் கரப்பான் இயல்பு, புற்றுநோய்க்கான சில மருந்துகள் ஆகியனவும் இவ்வகுப்பில் அடங்கும். மார்கழிப் பனியின் வறட்சி தனித்து நின்று உரிவை உண்டாக்குவதைவிட, மேற்சொன்ன எல்லாவற்றையும் கூர்மையாக்குகிறது.

3.6 தொற்று

பூஞ்சைப் படை பலருக்கு ஒரு கையையும் இரு பாதங்களையும் பற்றும். ஒரே கையில் மாவு பூசியதுபோல் செதிலிருந்தால் பாதத்தையும் பார்த்தல் வேண்டும்.

4. தண்ணீர்மேல் எழும் ஐயம்

தருமபுரியில் உடல்நலக் குறை எதுவாயினும் ஃபுளோரைடைக் குற்றஞ்சாட்டும் வழக்கம் உண்டு. அதற்கு வரலாற்று நியாயமும் உண்டு. இம்மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்ததால் பல்லும் எலும்பும் கெட்டவர் பலர்; அதனைத் தணிக்கவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஃபுளோரைடு விளைவிக்கும் கேடு பல்லிலும் எலும்பிலும் வெளிப்படுவது. விரல்நுனி உரிவது அதன் அடையாளமன்று. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புக்கடினம் வேறு செய்தி. கடின நீரில் சோப்பு நுரைப்பதில்லை. மேலும் மேலும் தேய்க்க நேர்கிறது. கரையாத படிவு தோலில் தங்குகிறது. ஆகவே நீருக்கு இதில் பங்குண்டெனில், அது குடிப்பதால் அன்று, கழுவுவதால்.

5. படிநிலைகள்

முதல் நிலையில் விரல்நுனி இழுத்துப் பிடித்தாற்போல் இறுகி, மினுமினுக்கும். இரண்டாம் நிலையில் வெண்செதில் எழும். மூன்றாம் நிலையில் தகடு பெயர்ந்து, அடியில் செந்நிறத் தோல் தெரியும். உப்பும் மிளகாயும் பட்டால் எரியும். நான்காம் நிலையில் வெடிப்பு ஆழ்ந்து, குருதி கசிந்து, கிருமி புக வழி உண்டாகும். முதல் இரண்டும் இல்லப் பேணலுக்கு முழுவதும் கட்டுப்படுபவை. மூன்றாவது பொறுமையைக் கேட்கும். நான்காவது மருத்துவரைக் கேட்கும்.

6. இல்லப் பேணல்

6.1 வேலைக்கு முன்

பலாப்பழம் அறுப்பவர் கையில் எண்ணெய் தடவிக்கொள்வது எல்லோரும் அறிந்தது. புளி தட்டுவோரும் அதனையே செய்தல் நன்று. தேங்காய் எண்ணெயை விரல்நுனியிலும் நகக்கண்ணிலும் தடவிக்கொண்டால் சதை ஒட்டுவது குறையும், அமிலம் தோலைத் தொடுவதும் குறையும். உண்ணும் எண்ணெய் ஆதலால் சரக்குக்கும் கேடில்லை. சிமெண்ட், சோப்பு வேலைகளில் ரப்பர் கையுறை வேண்டும். உள்ளே மெல்லிய பருத்தியுறை இருந்தால்தான் வியர்வை ஊறாது. உள்ளே ஈரமான கையுறை, கையுறை இல்லாததைவிடத் தீங்கு தரும்.

கூலி எடைக்கணக்கில் இருக்கும்வரை விரலின் வேகமே வருமானம். கையுறை வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மை. அதனால் புளி வேலைக்கு நாம் கையுறையை வற்புறுத்தவில்லை, எண்ணெயைச் சொல்கிறோம்.

6.2 வேலைக்குப் பின்

வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் கையை அலசினாலே புளியின் பெரும்பகுதி கரைந்துவிடும். அதன்பின் குளியல் சோப்பு சிறிது போதும். பாத்திர சோப்பும் சலவைத்தூளும் கைக்கு உரியவை அல்ல. துடைக்கும்போது ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் முற்றும் காயுமுன், மூன்று நிமிடங்களுக்குள், வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் பூசினால் தோலில் உள்ள நீர் அங்கேயே அடைபடும். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். ஒரு கையின் இருபுறத்துக்கும் அது போதும். இரவில் சற்றுத் தடிப்பாகப் பூசிப் பழைய பருத்தித் துணியைச் சுற்றிப் படுப்பது மிகுந்த பயன் தரும். காற்றுக்கொப்புள உரிவுக்கு யூரியா கலந்த களிம்பு ஏற்றது. வெடித்த தோலில் அது எரியும்.

6.3 செய்யத்தகாதன

உரியும் தோலை இழுத்துப் பிய்த்தல் கூடாது. உயிருள்ள தோலும் உடன் கிழியும். தொங்குவதைச் சிறு கத்தரியால் நறுக்கினால் போதும். எலுமிச்சை, உப்பு, மஞ்சளோடு குழைத்த சுண்ணாம்பு, நீர் கலக்காத கிருமிநாசினி ஆகிய நான்கும் உரிவைப் பெருக்குபவை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'படை களிம்பு' பலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு மூன்று நாளில் அடங்கும். பூஞ்சையாயின் அடியில் பரவும், தோல் மெலியும். இத்தகைய பூச்சுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென 2018இல் நடுவண் அரசு விதித்ததன் காரணம் இதுவே.

7. இல்லத்தின் எல்லை

முறையாகப் பேணியும் மூன்று வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரை நாட வேண்டும். உடனே நாட வேண்டியவை சில. சீழும் வீக்கமும் ஒன்று. உரியும் இடத்தில் உணர்ச்சி மரத்திருப்பது மற்றொன்று. தொழுநோயை விலக்கிப் பார்த்தாக வேண்டும். ஐந்து நாளுக்குமேல் காய்ச்சலடித்த குழந்தைக்கு அடுத்த வாரத்தில் நகக்கண்ணோரம் தோல் உரிந்தால் தாமதம் சிறிதும் கூடாது: இதயத் தமனியைத் தாக்கும் கவாசாகி நோயின் தடயமாக அது இருக்கலாம். ஒவ்வாமைப் பொருளைக் கண்டறியும் ஒட்டுச் சோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிந்துரை கேட்டுப் பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் செல்லலாம்.

8. உரிவும் ரேகையும்

2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் விரல்ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. உரிந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்பதில்லை. தோல் நலம் அன்று முதல் அரிசியோடும் தொடர்புடையதாயிற்று. ரேகையின் வடிவத்தை ஆள்வது மேல்தோலுக்கு அடியிலுள்ள அடித்தோல். ஆகவே உரிவினால் ரேகை அழிவதில்லை, மறைகிறது; உறுத்தும் வேலையை நிறுத்தினால் கொம்புப்படலம் புதுப்பிக்கப்படும் சில வாரங்களில் பழைய வடிவிலேயே மீளும். கடைக்குப் போகும் நாளுக்கு முந்திய இரவுகளில் களிம்பு பூசி, காலையில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுச் செல்வது உதவும். பத்து விரலின் பதிவும் ஆதாரில் இருப்பதால், உரியாத சுண்டுவிரலையோ மோதிர விரலையோ வைத்துப் பார்க்கலாம். எந்த விரலும் ஏற்கப்படாதபோது கருவிழிப் பதிவையோ மாற்று வழியையோ கேட்பது குடும்ப அட்டைதாரரின் உரிமை. ரேகை விழவில்லை என்பதைக் காட்டிப் பொருளை மறுப்பது முறையன்று.