வல்லரசுகளோடு ஒரு பேரம், கூட்டமைப்புகளோடு வேறொரு பேரம்: ஆவடி, அம்பத்தூர் வழியே இந்திய அயலுறவு

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானத்துக்காக நினைக்கப்படுகிறது. அதே ஆண்டு ஏப்ரலில் பாண்டுங்கில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடின. இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். சொந்தமாகக் கனரகத் தொழில் இல்லாத நாடு அணிசேராமல் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையின் வரலாறே இதற்குச் சான்று. அங்கு முதலில் உருவான விஜயந்தா டாங்கி பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பு. அடுத்து வந்த டி-72 சோவியத்துடையது. 2001இல் ரஷ்யாவுடன் ஒப்பந்தமான 310 டி-90 டாங்கிகளில் 186 ஆவடியில் பாகங்களை இணைத்து உருவாக்கப்பட வேண்டியவை. ஆவடியிலேயே வடிவமைக்கப்பட்ட அர்ஜுனுக்கு எஞ்சின் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஒருவரையே நம்பியிராமல் பலரிடமும் வாங்கும் இந்த வழி இந்தியாவுக்குப் பலன் தந்திருக்கிறது. ஆனால் இதில் வாங்குபவர் ஒருவரே, அரசு. கையெழுத்தும் ஒன்றே.

வட்டாரக் கூட்டமைப்போடு பேசுவது அப்படியன்று. 2009 ஆகஸ்டில் கையெழுத்தாகி 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆசியான் சரக்கு வணிக ஒப்பந்தத்தின் விளைவை ஏற்பவர்கள் ஆவடிக்கு அருகே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள். தென்கொரியாவுடனான ஒப்பந்தமும் அதே நாளில் அமலுக்கு வந்தது. பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நிறுவனமான ஹூண்டாயின் ஆலை அதற்கு முன்பே இயங்கிவந்தது. வெளியிலிருந்து வரும் உதிரிபாகத்தின் வரி குறைந்தால், அதே பாகத்தைக் கடைந்து தரும் பட்டறை அந்த விலையோடு மோத வேண்டும்.

எல்லாம் சரக்கு எங்கே உருவானது என்பதைத் தீர்மானிக்கும் ஒரு விதியில் அடங்கியிருக்கிறது. ஆசியான் ஒப்பந்தத்தின் பொதுவிதிப்படி, சரக்கின் மதிப்பில் 35 சதவீதமாவது ஒப்பந்த நாடுகளுக்குள் உருவாக வேண்டும். சுங்க வகைப்பாட்டின் உட்தலைப்பும் மாற வேண்டும். இது சரியாகச் சோதிக்கப்படாவிட்டால், மூன்றாம் நாட்டுப் பாகம் சலுகை வரியில் நுழைந்துவிடும். இறக்குமதியாளரே ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்ற சுங்க விதி 2020 செப்டம்பரில்தான் வந்தது. பத்தாண்டுக்கும் மேலான இந்தத் தாமதம் எனக்கு மன்னிக்கத்தக்கதாகத் தெரியவில்லை.

2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் ஆர்செப் என்னும் வட்டார விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை உடன்பாட்டில் சேர இந்தியா மறுத்ததை அச்சம் என்று சொல்வோர் உண்டு. இறக்குமதி திடீரென்று பெருகினால் தடுக்கும் ஏற்பாடு போதாதிருந்த நிலையில் அம்மறுப்பு சரியே. ஆயினும் விலகி நிற்பதோடு வேலை முடியவில்லை, பழைய ஆசியான் ஒப்பந்தம் நீடிக்கிறது. அதன் மறுஆய்வை 2025க்குள் முடிப்பதென 2023இல் இலக்கு வைக்கப்பட்டது. 2024 மார்ச்சில் நான்கு ஐரோப்பிய நாடுகளின் எஃப்டா அமைப்போடு கையெழுத்தான ஒப்பந்தத்திலோ, 15 ஆண்டுகளில் 10,000 கோடி டாலர் முதலீடு என்ற இலக்கை இந்தியா கேட்டு வாங்கியது. பேரம் பேசும் திறன் நம்மிடம் இல்லாமல் இல்லை.

குறை கலந்தாலோசனையில் இருக்கிறது. மலிவுவிலைக் குவிப்புக்கு எதிராக மனுச் செய்யவே உள்நாட்டு உற்பத்தியில் 25 சதவீதத்தின் ஆதரவு வேண்டும். சிதறிக் கிடக்கும் பட்டறைகள் அதைத் திரட்டுவது அரிது. பாதிப்புக்குப் பின் கிடைக்கும் நிவாரணமே இவ்வளவு தொலைவு என்றால், வரிப்பட்டியல் கூட்டமைப்பின் மேசைக்குப் போகுமுன் அம்பத்தூரிலும் ஒரு விசாரணை அமர்வு நடத்துவதைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும்.