பேக்கரின் துவக்கும் பணிக்கரின் கயிறும்

கல்முனைக்குத் தெற்கே கடலிற் கலக்கும் பட்டிப்பளை ஆற்றின் தலைப்புறத்தே நீலகலைக் காடு உளது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சாமுவேல் பேக்கர் யானை வேட்டையாடிய நிலங்களுள் அஃதும் ஒன்று. அவர்தம் இலங்கை வேட்டை நூல் 1854இல் வெளிவந்தது.

அக்காலத்து வேட்டைக்காரர் பலர் யானைக்குச் சுரியில்லாத துவக்கையே நம்பினர். காரணமின்றியன்று. ஆழமற்ற சுரிகளிலே மிகுந்த மருந்திட்டால், ஈயக்குண்டு சுரியைப் பற்றாது வழுக்கிவிடும். பேக்கர் 1840இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்சு என்பாரைக் கொண்டு செய்வித்த துவக்கு இக்குறையை நீக்கியது. அதன் நிறை 21 இறாத்தல். குழல் 36 அங்குலம். அந்நீளம் முழுமைக்கும் சுரி ஒரே சுற்று. ஆழ்ந்த இரு பள்ளங்களிற் பொருந்துமாறு இடைக்கச்சுடைய 3 அவுன்சு உருண்டைக்குண்டு. மருந்து 16 திராம். கூம்புக்குண்டோ 4 அவுன்சு.

குண்டு கனத்தால் சுரியும் விரையவேண்டும் என்பர் சிலர். அது முழுவுண்மையன்று. 1879இல் கிரீன்ஹில் வகுத்த விதிப்படி, ஒரே விட்டமுடைய குண்டுகளுள் நீண்டதற்கே விரைந்த சுரி வேண்டும். விட்டத்தின் மும்மடங்கு நீண்ட ஈயக்குண்டுக்கு 50 விட்டத் தொலைவில் ஒரு சுற்று. பேக்கரின் உருண்டை ஏறக்குறைய 0.95 அங்குல விட்டமுடையது. அவர் சுரியோ 38 விட்டத்திற்கு ஒரு சுற்று. உருண்டைக்கு அது வேண்டியதினும் மிகை.

இத்துணைக் கருவி எதுவுமின்றி யானையை உயிரோடு பிடித்தனர் சோனகப் பணிக்கர். ஒரேயொரு துணைவனுடன் பின்புறமாய் அணுகி, மான் அல்லது எருமைத் தோலாற் பின்னிய சுருக்கைப் பின்னங்காலில் மாட்டி, மறுமுனையை மரத்திற் பிணிப்பர் என்று 1859இல் டெனன்ட் வியந்தெழுதினார்.