குலைநடுக்கம் கொலையில் பிறந்ததன்று

‘கொலைக்கு அஞ்சி நடுங்குவது கொலைநடுக்கம்; அதுவே திரிந்து குலைநடுக்கம் ஆயிற்று’ என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். கேட்கவே வேதனையாக இருக்கிறது. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால், முன்னிற்கும் உகரம் பேச்சில் ஒகரமாகும். குடை ‘கொட’ ஆகிறது. உலை ‘ஒல’ ஆகிறது. குலை ‘கொல’ ஆனதும் அவ்வழியே. தொடைநடுங்கியின் தொடைக்குத் துடை என்ற வடிவமும் உண்டென்பதை இங்கே நினைக்கலாம்.

குலைநடுக்கத்தின் குலைக்குக் குலைதல் என்னும் வினையை வேராகக் காட்டுவோர்க்கு ஒரே சொல்லில் விடை உண்டு: ஈரக்குலை. ‘ஈரக்கொல நடுங்கிப் போச்சு’ என்று தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசைப் பக்கத்துப் பாட்டி சொல்லும்போது நடுங்குவது பெயர்ச்சொல். அதில் ஈரமும் இல்லை. ஈரற்குலையே அப்படித் தேய்ந்தது. ஆட்டை உரித்து மூச்சுக்குழலைப் பற்றி இழுத்தால் நுரையீரலும் இதயமும் கல்லீரலும் ஒரே கொத்தாகத் தொங்கும். கொத்தாகத் தொங்குவது குலை. குமரி மாவட்டத்தில் வாழைத்தாரைக் குலை என்பார்கள். தென்காசிக்கு மேற்கே ஆரியங்காவு தாண்டினால் மலையாளத்தில் ‘குல’.

இதயம் வாய்க்கு வந்தது, தோலைவிட்டே துள்ளினேன் என்னும் ஆங்கில மிகைமொழிகளோடு குலைநடுக்கத்தையும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான் உடன்படேன். அஞ்சினவனுக்கு நெஞ்சு படபடக்கிறது, மூச்சு இரைக்கிறது, வயிற்றுக்குப் பாயும் இரத்தம் குறைகிறது. குலை உள்ளபடியே கலங்குகிறது. ஆங்கிலக் கசாப்புக்கடையில் இதே கொத்துக்கு ‘ப்ளக்’ என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் அச்சொல் துணிவைக் குறிக்கத் தொடங்கியது. அவர்கள் துணிவை வைத்த இடத்தில் நாம் அச்சத்தை வைத்தோம்.

தொல்காப்பியர் அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக்கினார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு காரணமும் சொன்னார். மெய்யில் படுவது மெய்ப்பாடு என்ற பெயரே என் பக்கம் பேசுகிறது. உரியியலில் அவர் அச்சப்பொருளுக்குத் தரும் பேம், நாம், உரும் ஆகிய மூன்றுள் உரும் இடியையும் குறிக்கும். ‘நாமநீர்’ என்று கடலுக்குப் பெயர் வந்ததும் அந்த நாமத்தால்தான். பெயரைக் குறிக்கும் நாமத்துக்கும் அதற்கும் உறவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ‘கொலைப்பட்டினி’ என்று அச்சில் வருகிறதே, அதுவும் இதே பிழைதான். குலை எரியக் கிடப்பது குலைப்பட்டினி. அதைக் கொலை என்று எழுத நான் ஒருபோதும் இசையேன்.