கடைசலில் சிலுவை

சிலுவையைக் கடைசல் பிடிக்க முடியாது. இது இறையியல் அல்ல, பட்டறைக் கணக்கு. கயிறு இழுத்துச் சுற்றும் பழைய கடைசலானாலும் மின்சாரத்தில் ஓடும் லேத்தானாலும் ஒரே ஓர் அச்சைச் சுற்றித்தான் வேலை நடக்கும். கட்டில் கால், தொட்டில் கம்பு, பம்பரம், செப்பு, ஜெபமாலை மணி எல்லாம் அந்த ஓர் அச்சுக்கு நாலு பக்கமும் சமமாக உருண்டு வந்தவை. சிலுவைக்கோ இரண்டு அச்சு, ஒன்று நேர், ஒன்று குறுக்கு. ஆனாலும் விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள கோணான்குப்பத்தில், பெரியநாயகி மாதா கோயிலின் ஜனவரித் திருவிழாக் கடை ஒன்றில், கடைசல் பிடித்த மரச் சிலுவை ஒன்றை வாங்கினேன். ஒரு சாண் நீளம்கூட இல்லை. முடியாத காரியம் எப்படி முடிந்தது? இந்தச் சின்னக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போனால், கிறித்தவத் தமிழ் வரலாறு யாரை விட்டுவிட்டு எழுதப்பட்டது என்ற இடத்தில் போய் முட்டுகிறது.

விருத்தாசலம் என்றதும் பலருக்கு மரம் ஞாபகம் வராது. பீங்கான்தான் வரும். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண், பீங்கான் தொழிலுக்கென்றே அரசு நடத்தும் பாலிடெக்னிக், சூளைகள், பொம்மைகள், ஃபியூஸ் கட்டைகள் என்று இந்த ஊரின் நவீன அடையாளம் மண்ணால் ஆனது. பழைய அடையாளம் கல்லால் ஆனது: பழமலை, முதுகுன்றம், செம்பியன் மாதேவி திருப்பணி செய்த விருத்தகிரீசுவரர் கோயில். கல்லுக்குக் கல்வெட்டு இருக்கிறது, மண்ணுக்கு அரசு ஆணை இருக்கிறது. மரத்துக்கு என்ன இருக்கிறது? அது செல்லரித்துப் போகும், அடுப்பில் போகும். மரவேலைக்காரனின் வரலாறும் அப்படியே போயிற்று.

மண்ணுக்கும் மரத்துக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. பீங்கான் பட்டறையில் பச்சை மண்ணில் தவறு நேர்ந்தால் கரைத்து மறுபடி சேற்றுத் தொட்டியில் விடலாம். சூளைக்குள் போகிறவரை மண் மன்னிக்கும். மரம் மன்னிக்காது. வெட்டியது வெட்டியதுதான். அதனால் மரப் பட்டறையில் ‘மிச்சம்’ என்பது தனி வகைப் பொருள். கட்டில் கால் அறுத்ததுபோக நிற்கும் நாலு விரல் தேக்கு, கதவுச் சட்டத்தில் கழிந்த வேம்பு, பூவரசத் துண்டு எதுவும் பழைய மரமாகத் திரும்பாது. ஒன்று எரியவேண்டும், இல்லையென்றால் தன் அளவுக்கேற்ற வேறு பொருளாக மாறவேண்டும். கடைசலுக்கு நீளமான பலகை தேவையில்லை, ஒரு அங்குலக் கனமுள்ள துண்டு போதும். சிறு சிலுவை இப்படித்தான் மிச்சத்திலிருந்து பிறக்கிறது. பெத்லகேமில் ஒலிவ மரத்தைக் கழிக்கும்போது விழும் கிளைகளிலிருந்து சிலுவையும் ஜெபமாலையும் செய்து யாத்திரிகர்களுக்கு விற்பது நூற்றாண்டுகளாக நடந்துவரும் தொழில். புனிதப் பொருளின் மூலப்பொருள் கழிவு என்பது அங்கேயும் யாரையும் சங்கடப்படுத்தவில்லை.

திருவிழா முடிந்த பிறகு விருத்தாசலத்திலேயே ஒரு கடைசல் பட்டறையில் போய்க் கேட்டேன். கடைசல்காரர் என் கையிலிருந்த சிலுவையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ரெண்டு கட்டைதானேன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க சார். மூணு.”

விஷயம் இதுதான். நெடுக்குக் கட்டையின் இரு முனையிலும் நடுவிலும் மணி மணியாக உருட்டல் விடவேண்டும். குறுக்குக் கட்டையின் முனைகளிலும் அப்படியே. ஆனால் இரு முனையிலும் மணி உள்ள குறுக்குக் கட்டையை நெடுக்குக் கட்டையின் துளைக்குள் எப்படி நுழைப்பது? மணி தடுக்கும். அதனால் குறுக்குக் கட்டை உண்மையில் ஒன்றல்ல, இடக்கை ஒன்று, வலக்கை ஒன்று. இரண்டையும் ஒரே கட்டையாகக் கடைந்து, நடுவில் மெல்லிய முளை விட்டு, அந்த முளையை நடுவே அறுத்துவிட்டால் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு கை கிடைக்கும். நெடுக்குக் கட்டையில் துளையை உருட்டுவதற்கு முன்பே, அது சதுரமாக இருக்கும்போதே போட்டுவிடவேண்டும். உருண்ட பிறகு போட்டால் துளைமுனை வழுக்கும், கைகள் கோணலாக நிற்கும். துளை போட்ட கட்டையில் நகவுளி அந்த இடத்தைத் தாண்டும்போது விளிம்பு பிய்ந்துவராமல் இருக்க, துளைக்குள் தற்காலிகமாக ஒரு குச்சியை அடைக்கவேண்டும். அப்புறம்தான் உப்புத்தாள், அரக்கு, பொருத்து.

ஒரே கட்டையில் சிலுவையாக அறுத்து, முதலில் நேராக மாட்டிக் கடைந்து, பிறகு திருப்பிக் குறுக்காக மாட்டிக் கடையலாமே என்று கேட்டேன். “மாட்டலாம். அப்ப இந்த ரெண்டு கையும் ஃபேன் மாதிரி சுத்தும். கிட்ட உளிய கொண்டுபோனா நம்ம கை பூடும்” என்றார். தொண்ணூறுகளில் தொடங்கி நாம் ‘மையம் – விளிம்பு’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். பட்டறையில் ‘சென்டர்’ பார்க்காமல் ஒரு கட்டையைக்கூட மாட்ட முடியாது. ஆனால் ஒரு மையத்தை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது எது, கூடாதது எது என்ற தெளிவு நம் கட்டுரைகளைவிட அவரிடம் அதிகம் இருந்தது.

தமிழில் ‘கடை’ என்ற வினை எதையெல்லாம் தாங்குகிறது என்று பாருங்கள். மோர் கடைகிறோம். தேவரும் அசுரரும் பாற்கடலைக் கடைந்தார்கள். கோலால் கோலைக் கடைந்து தீ எடுத்தார்கள், அது தீக்கடைகோல். மரத்தை உருட்டினால் கடைசல். ‘கடைந்தெடுத்த அயோக்கியன்’ என்று வசவிலும் அது வந்து உட்கார்ந்துவிட்டது. இவை வெறும் உவமைத் தொடர்பு அல்ல, ஒரே உடலசைவு. மத்தில் கயிறு சுற்றி முன்னும் பின்னும் இழுப்பதைப்போலவே பழைய கடைசலிலும் ஒருவர் கயிற்றை இழுப்பார், மற்றவர் தரையில் உட்கார்ந்து உளியைப் பிடிப்பார். கட்டை ஒருமுறை முன்னால் சுற்றும், ஒருமுறை பின்னால். ஒரு சுற்றில் வெட்டு, மறு சுற்றில் சும்மா. பாற்கடல் காட்சியில் வாசுகியின் இரு முனையையும் யார் யார் பிடித்தார்கள் என்று புராணம் கவனமாகச் சொல்கிறது. கடைசல் கயிற்றின் முனையை யார் பிடித்தார்கள் என்று சொல்ல எந்தப் பிரதியும் இல்லை. மனைவியோ மகனோ கூலிக்கு வந்த பையனோ, பிடித்தவர்கள் இருந்தார்கள்.

அரக்கு வேலையும் இந்தச் சுழற்சியில்தான். சுற்றும் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அது உருகிப் படியும். தாழை மடலால் தேய்த்தால் பளபளக்கும். அம்பாசமுத்திரம் மரச் செப்பும், கர்நாடகத்துச் சென்னபட்டணம் பொம்மையும், ஆந்திரத்து ஏட்டிக்கொப்பாக்கா பொம்மையும் இந்த ஒரே அறிவின் கிளைகள். சென்னபட்டணத்திலும் ஏட்டிக்கொப்பாக்காவிலும் பேர்போன மரம் நம்மூர் வெட்பாலை. அந்த அறிவுக்குச் சிலுவை என்ற வடிவம் வெளியிலிருந்து வந்தது.

வந்த வழியைச் சொற்களே காட்டுகின்றன. ‘சிலுவை’ சிரியாக் மொழியின் ஸ்லீவாவிலிருந்து வந்தது. ‘குருசு’ போர்த்துக்கீசியம். ‘லேத்து’ ஆங்கிலம். ‘கடைசல்’ மட்டும் நம்முடையது. பரங்கிமலையில் 1547இல் கண்டெடுக்கப்பட்ட பழைய சிலுவை கல்லில் புடைப்பாகச் செதுக்கப்பட்டது, சுற்றிலும் பகலவி எழுத்து, முனைகளில் மொட்டு. அது இடம்பெயராத சிலுவை. மலைமேல் இருக்கும், மக்கள் ஏறிப்போய்க் கும்பிடவேண்டும். மரச் சிலுவை வீட்டுச் சுவருக்கு வரும், தொட்டிலில் தொங்கும், பிணத்தோடு குழிக்குள்ளும் போகும். மதம் வீட்டுக்குள் நுழைந்தது கல்லால் அல்ல, மரத்தால். அதைச் செய்தது யார்?

இங்கே ஒரு சட்டத்தை நினைவுபடுத்தவேண்டும். 1567இல் கோவாவில் கூடிய முதல் மாகாணச் சங்கம், வழிபாட்டுக்குரிய உருவங்களையும் பொருள்களையும் கிறித்தவரல்லாத கைவினைஞரிடம் செய்யச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டது. பின்னாலும் அந்தத் தடை திரும்பத் திரும்பப் போடப்பட்டது. தடை ஒருமுறை போடப்பட்டால் அது சட்டம். பலமுறை போடப்பட்டால், அது மீறப்பட்டதற்கான சாட்சியம். கோவாவில் தந்தத்தில் செதுக்கிய ‘நல்ல மேய்ப்பன்’ குழந்தை உருவங்கள் கண்மூடித் தியானத்தில் அமர்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்த உளியைப் பிடித்த கை எந்த மரபில் பழகியது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அதிகாரத்தின் ஆவணத்தில் கைவினைஞன் ‘கூடாதவன்’ என்ற ஒரே பெயரில் வருகிறான். அவன் இருந்தான் என்பதற்கு அந்தக் ‘கூடாது’தான் நமக்குள்ள எழுத்துச் சான்று.

இப்போது கோணான்குப்பத்துக்குத் திரும்பலாம். இத்தாலியில் 1680இல் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்து 1747இல் இறந்த பெஸ்கி என்கிற வீரமாமுனிவரோடு சேர்த்துச் சொல்லப்படும் தலம் இது. விருத்தாசலத்து அம்மனின் பெயரும் பெரியநாயகி, இங்குள்ள மாதாவின் பெயரும் பெரியநாயகி. சேலை கட்டிய இந்த மாதா உருவம் மணிலாவில் செய்து கொண்டுவரப்பட்டது என்று ஒரு வழக்கு உண்டு. வழக்கு உண்மையோ இல்லையோ, அது சொல்லும் சேதி முக்கியமானது: தமிழ்ப் பெண்ணின் சாயலை மரத்தில் வடிக்கக் கடல் தாண்டிப் போகவேண்டியிருந்தது என்று ஊர் நம்புகிறது. பக்கத்துப் பட்டறை அந்தக் கதைக்குள் வரவேயில்லை.

வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ (1726) மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல். அதன் தலைவன் வளன், அதாவது சூசை, அதாவது ஒரு தச்சன். எம்.ஏ. தமிழ் படித்தபோது எங்களுக்கு அதில் காப்பிய இலக்கணம் கேட்டார்கள், நாட்டுப் படலம் கேட்டார்கள், கம்பனின் செல்வாக்கு கேட்டார்கள். தச்சு கேட்டதில்லை. நாங்களும் எழுதியதில்லை. வளன் தாவீது அரச குலத்தவன் என்பதைக் காப்பியம் அழுத்திச் சொல்கிறது. காப்பியத் தலைவன் உயர்குடியாக இருக்கவேண்டும் என்ற தமிழ் மரபுக்கு அது பொருந்திப் போனது. தச்சன் காப்பியத்துக்குள் நுழைய அரச வம்சம் என்கிற நுழைவுச்சீட்டு தேவைப்பட்டது. சீட்டு இல்லாத தச்சர்கள் வெளியே நின்றார்கள்.

உடனே ஒரு எச்சரிக்கை. கைவினைஞனை நாயகனாக்கி இன்னொரு புராணம் எழுதுவது எளிது. தச்சரும் கொல்லரும் சாதி அடுக்குக்கு வெளியே வாழ்ந்தவர்கள் அல்லர். அறிவு குலத்துக்குள் பூட்டிவைக்கப்பட்டதும் வரலாறுதான். தேவாலயமும் அப்படித்தான். வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலில் இரண்டு சாதித் தொகுதிகளுக்கு இரண்டு தனி நடைகள். இரண்டும் பலிபீடத்தில் மட்டும் வந்து சேரும். நடுவில் இருந்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ (2001) அந்தப் போராட்டத்தை விரிவாக எழுதுகிறது. கடைசல்காரர் சொன்னதை வைத்துப் பார்த்தால் அந்தக் கட்டடத்தின் பிரச்சினை புரிகிறது. அங்கே இரண்டு அச்சு இருந்தது, பொதுவான ஒரு முனையும் இருந்தது, ஒன்றை ஒன்று ஊடுருவும் துளை இல்லை. ஒன்றில் ஒன்று நுழையாமல் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் இரண்டு கட்டைகள் சிலுவையாகாது.

நாம் ‘கலப்பு’, ‘பண்பாட்டு ஏற்பு’ என்று எழுதும்போது ஏதோ இரண்டு திரவம் தானாகக் கலந்ததுபோல ஒரு தொனி வந்துவிடுகிறது. மரத்தில் எதுவும் தானாகக் கலக்காது. யாரோ ஒருவர் சதுரக் கட்டையில் முன்கூட்டியே துளை போட்டிருக்கவேண்டும். ஒன்றாகப் பிறந்ததை நடுவில் அறுத்து இரண்டு கையாக்கியிருக்கவேண்டும். அந்த யாரோ ஒருவரின் வேலை, முடிந்த பொருளில் தெரியாது. தெரிந்தால் வேலை மோசம் என்று அர்த்தம். கைவினைஞன் வரலாற்றில் காணாமல் போனதற்கு எழுதியவர்களின் அலட்சியம் ஒரு காரணம். தன் தடயத்தை உப்புத்தாளால் தேய்த்து அழிப்பதே அவன் தொழில் ஒழுக்கமாக இருந்தது இன்னொரு காரணம்.

மே மாத வெயிலில் என் சிலுவையின் இடக்கை ஆட ஆரம்பித்தது. எடுத்துக்கொண்டு அதே பட்டறைக்குப் போனேன். மேலே விநாயகர் படம், கீழே லேத்து, சுற்றிலும் சுருள் சுருளாகத் தூள். “மரம் காயுது சார், வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு, இலேசாக ஒரு நூல் சுற்றி, ஃபெவிகால் தொட்டு, முளையைத் திரும்ப உள்ளே தட்டினார். காசு வேண்டாம் என்றார். என் மதம் என்ன என்று அவர் கேட்கவில்லை. 1567இன் தடை அந்தப் பட்டறைக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. யார் கையால் செய்ததை யார் கும்பிடலாம், யார் கடையில் யார் வாங்கலாம் என்று நம் காலத்திலும் பட்டியல் போடக் கிளம்பியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டியல்கள் அங்கே வந்து சேருவதற்குள்ளாவது, நம் கிறித்தவத் தமிழ் ஆய்வுகள் நூலகத்தை விட்டு இறங்கிப் பட்டறைத் தரையில் கொஞ்ச நேரம் உட்காரவேண்டும்.