வாலிபால், ஐஸ்லாந்து, கொஞ்சம் நிக்டி

போன மாதம் பையனை இங்கே நிக்டியில் ஒரு வாலிபால் பயிற்சி வகுப்பில் சேர்க்கப் போயிருந்தேன். படிவத்தில் ஒரு கேள்வி: இதற்கு முன் ஆடிய கிளப்? காலியாக விட்டான். வீடு திரும்பும் வழியில், "அப்பா, நீங்க எந்தக் கிளப்ல ஆடினீங்க?" என்றான். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் கிளப்புக்குக் கட்டடம் கிடையாது, பதிவு எண்ணும் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு கம்பம், ஒரு வலை. பொங்கலுக்கு ஜெனரேட்டர் வைத்து மின்னொளிக் கைப்பந்துப் போட்டி. அதற்கு வீட்டுக்கு வீடு வசூல். வலை கிழிந்தால் முடிச்சுப் போட ஒரு அண்ணன். அதுதான் கிளப்.

அந்த வலை எங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்று அன்று இரவு தேட ஆரம்பித்தேன்.

1895-ல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்த வில்லியம் மார்கன் உண்டாக்கிய ஆட்டம் இது. முதலில் வைத்த பெயர் மின்டோனெட். கூடைப்பந்தில் ஓடி மூச்சு வாங்கும் நடுத்தர வயது ஆபீஸ்காரர்களுக்காக யோசித்ததாம். அதாவது என் போன்றவர்களுக்கு! அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாக மதராஸுக்கு வந்தவர் ஹாரி க்ரோ பக். 1920-ல் அவர் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. நம்ம ஊர்ப் பள்ளிகளின் பி.டி. மாஸ்டர்கள் பலர் அங்கே படித்தவர்கள். வாலிபாலுக்கான முதல் அர்ஜுனா விருதை 1961-ல் வாங்கிய ஏ.பழனிசாமியும் நம்மவர்தான்.

புனே கதை வேறு. இங்கே பேருந்துப் பலகையில் நாம் படிக்கும் 'டெக்கான் ஜிம்கானா' வெறும் ஸ்டாப் அல்ல. வெள்ளைக்காரர்களின் ஜிம்கானாக்களில் நம்மவர்களுக்கு இடமில்லாத காலத்தில், 1906-ல் உள்ளூர்க்காரர்கள் தொடங்கிய பல விளையாட்டுக் கழகம் அது. கோ-கோவுக்கு விதிகள் எழுதும் வேலை 1914-ல் அங்கேதான் நடந்தது. அவர்கள் நடத்திய ஓட்டப் பந்தயத்தில் வெறுங்காலோடு ஓடிய கிராமத்து இளைஞர்களைப் பார்த்துத்தான் தோராப்ஜி டாட்டாவுக்கு ஒலிம்பிக் ஆசை வந்தது. 1920-ல் ஆண்ட்வெர்ப்புக்கு ஆறு பேர் போனார்கள். 1924 பாரிஸ் அணியோடு போனவர் யார் தெரியுமா? நம்ம மதராஸ் பக் துரை! புனே கழகமும் மதராஸ் கல்லூரியும் ஒரே கதையில் சேர்ந்துவிட்டன.

இன்னொரு ஆச்சரியம். அதே 1906-ல், டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த ஐஸ்லாந்தில், அக்குரெய்ரி என்ற சிற்றூரில் முதல் இளைஞர் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே நாடு தழுவிய அமைப்பானது. மல்யுத்தம், நீச்சல், மரம் நடுதல் என்று எல்லாம் செய்தார்கள். நோக்கம் ஒன்றுதான்: அடிமை நாட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். அங்கே கிழக்குக் கடற்கரையில் நெஸ்கௌப்ஸ்டாதுர் என்று ஒரு மீன்பிடி ஊர், சுமார் 1500 பேர்தான். 1923-ல் தொடங்கிய அந்த ஊர்ச் சங்கத்தின் பெண்கள் அணி தேசிய வாலிபால் பட்டத்தைப் பலமுறை வென்றிருக்கிறது. நம்ம பக்கத்துக் கிராமம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு நிறைகிறதல்லவா?

இதையெல்லாம் படித்தபின் ஒன்று உறைத்தது. பயிற்சி வகுப்பில் பையன் ஸ்மாஷ் அடிக்கக் கற்றுக்கொள்வான். மாதக் கட்டணம் நின்றால் அந்த உறவும் நின்றுவிடும். கிளப் அப்படியில்லை. வசூலுக்குப் போகிறவனுக்கும் முடிச்சுப் போடுகிறவனுக்கும் அது சொந்தம். 14 வருடமாக நிக்டியில் இருக்கிறேன், இந்த மண்ணில் ஒரு கம்பம்கூட நான் நட்டதில்லை.

போன ஞாயிறு காலை இருவரும் பிராதிகரண் பக்கம் ஒரு மைதானத்துக்குப் போனோம். மராத்தி ஆட்கள், இரண்டு மலையாளிகள், பழைய வலை. வேலி ஓரமாக நின்றோம். ஒருவர், "யா காகா, ஏக் மாணூஸ் கமி ஆஹே" என்றார். 'வாங்க சித்தப்பா, ஒரு ஆள் குறையுது' என்று அர்த்தம். காகா என்றது கொஞ்சம் வலித்தது, இருந்தாலும் இறங்கிவிட்டேன் :-)

ஆட்டம் முடிந்ததும் புது வலைக்குப் பணம் சேர்த்தார்கள். நான் 200 ரூபாய் கொடுத்தேன். பெயர் கேட்டார்கள். பையன் முந்திக்கொண்டு என் பெயரையும் தன் பெயரையும் மராத்தியில் எழுதிக் கொடுத்தான்.

அடுத்த முறை படிவத்தில் அந்த இடம் காலியாக இருக்காது.